அளவு ஒன்று, அடைக்கும் இடம் வேறு

கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு கோப்பின் மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'பிராப்பர்ட்டீஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அந்தப் பெட்டியில் இரண்டு வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. மேலே 'சைஸ்'. கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்'. கோப்பு ஒன்றுதான், எண் மட்டும் இரண்டு. பெரும்பாலும் கீழே உள்ள எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சில சமயம் பார்த்தவுடன் பயம் வரும் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். இன்னும் சில சமயம் குறைவாக, ஏன், பூஜ்யமாகக்கூட இருக்கும்.

நம் வயதுக்காரர்கள் பலர் இந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே இல்லை. பார்த்தவர்களும் இது ஏதோ என்ஜினியர் சமாசாரம் என்று மூடிவிடுகிறார்கள். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் இந்த இரண்டு எண்களால் ஒரு பையனுக்கு வேலை போக இருந்தது. ஒரு அம்மாவுக்கு விலைமதிப்பில்லாத பொருள் ஒன்று கைநழுவிப் போக இருந்தது. அதனால்தான் இதை விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் என்ஜினியர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஃபைல் கட்டியவன். ஆனால் இந்த விஷயம் என்ஜினியருக்குப் புரிவதைவிட ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவனுக்குச் சீக்கிரம் புரியும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே சின்ன வகுப்பிலேயே இரண்டு சொற்களை ஜோடியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 'கொந்த்னான்', 'கொந்த்னூ'. முதலாவது கொள்கலம், இரண்டாவது அதற்குள் இருக்கும் பொருள். ஒரு போத்தல் ஒயின் என்றால் போத்தல் கொந்த்னான், ஒயின் கொந்த்னூ. இதில் குழம்பினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். 'சைஸ்' என்பது கொந்த்னூ. 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பது அது உட்கார்ந்திருக்கும் கொந்த்னான். இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் விவரம்.

இப்போது ரெக்கார்டு ரூமுக்கு வருவோம். ஒரு ஃபைலில் மூன்றே தாள் இருக்கும். இன்னொன்றில் முந்நூறு தாள் இருக்கும். இரண்டையும் அட்டைப் பெட்டியில் போட்டு ரேக்கில் அடுக்குகிறோம். மூன்று தாள் ஃபைலுக்கும் ஒரு பெட்டி. முந்நூறு தாளுக்கு இரண்டு பெட்டி, சில சமயம் மூன்று. மூன்று தாள் போட்ட பெட்டி பெரும்பாலும் காலிதான். ஆனால் அந்தக் காலி இடத்தில் வேறு ஃபைலைச் சொருகக் கூடாது என்பது சட்டம். ஏன்? பதிவேட்டில் 'நான்காவது ரேக், இரண்டாவது தட்டு, பதினேழாவது பெட்டி' என்று எழுதியிருக்கும். ஒரு பெட்டிக்கு ஒரே உரிமையாளர் என்றால்தான் பதிவேடு சின்னதாக இருக்கும், தேடுவதும் சுலபம். ஒவ்வொரு தாளுக்கும் தனி முகவரி எழுத ஆரம்பித்தால் பதிவேடே ரெக்கார்டு ரூம் அளவுக்கு வளர்ந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆவணக் காப்பகத்தின் அளவைச் சொல்லும்போது எத்தனை பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை 'மெத்ர் லினேயேர்' என்பார்கள். அதாவது, தட்டில் எத்தனை மீட்டர் நீளத்துக்குப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன என்பது. இடம் தேடுகிறவனுக்கு அதுதான் வேண்டும். படிக்க வருகிறவனுக்குப் பக்கக் கணக்கு வேண்டும். இரண்டும் உண்மையான கணக்குதான். கேட்கும் கேள்வி வேறு.

ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும் இதே மாதிரி ரெக்கார்டு ரூம்தான். 'ஃபார்மட்' செய்யும்போது மொத்த இடத்தையும் ஒரே அளவுள்ள பெட்டிகளாகப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குக் 'கிளஸ்டர்' என்று பெயர். ஒரு கிளஸ்டரில் ஒரு கோப்பின் பகுதி மட்டுமே இருக்கலாம். கோப்பு பெரிதாக இருந்தால் பல பெட்டிகளை எடுத்துக்கொள்ளும். கடைசிப் பெட்டி பாதி நிரம்பியிருந்தாலும் முழுப் பெட்டியாகவே கணக்கு.

இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க்கில் பெட்டியின் அளவு வழக்கமாக 4 கே.பி., அதாவது 4,096 பைட். பைட்டைப் பிரெஞ்சில் 'ஒக்தே' என்பார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒக்தே. இதனால் பிரெஞ்சுக்காரர்கள் மெகா பைட் என்று சொல்லாமல் மெகா ஒக்தே என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கே அவர்கள் 'ஒர்தினாத்தர்' என்று சொந்தப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்ஸ் கிளை கேட்டதற்கிணங்க 1955ல் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கோப்பில் 5,000 பைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் 4,096 போய்விடும். மீதி 904 பைட்டுக்கு இன்னொரு பெட்டி. ஆக இரண்டு பெட்டி, 8,192 பைட். மேல் வரியில் 5,000, கீழ் வரியில் 8,192. யாரும் திருடவில்லை, யாரும் எதையும் சேர்க்கவில்லை. கடைசிப் பெட்டியின் மிச்ச இடம்தான் வித்தியாசம்.

பெரிய கோப்புக்கு இந்த மிச்சம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாண வீடியோ ஒரு ஜி.பி. இருந்தால் கடைசிப் பெட்டியில் வீணாவது கடலில் கரைத்த பெருங்காயம். கோப்பு சின்னதாகவும், பெட்டி பெரியதாகவும், எண்ணிக்கை ஆயிரக்கணக்காகவும் இருந்தால்தான் வம்பு. என் நண்பர் வாத்தியாருக்கு நேர்ந்தது அதுதான்.

வாத்தியார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பதினோரு வருஷமாக ஒரு காரியம் செய்து வருகிறார். நம் புதுச்சேரிப் பேச்சில் மட்டும் வழங்கும் சொற்களைத் தொகுக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவரைச் 'சொல்தா' என்கிறோமே, நகராட்சிக் கட்டடத்தை 'மேரி' என்கிறோமே, இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் 'பெத்தாங்க்', இப்படி. ஒரு சொல்லுக்கு ஒரு 'ஃபிஷ்'. நூலகத்தில் இருக்கும் அட்டை மாதிரி. சொல், எங்கே கேட்டார், யார் வாயில் கேட்டார், எந்த வருஷம். முன்பு அட்டையில் எழுதியவர், பேத்தி சொல்லிக் கொடுத்ததால் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்தார். பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. கூட்டினால் 6,000 கோப்பு சேர்ந்துவிட்டது.

இந்தச் சொற்களில் பலவற்றைச் சொன்னவர்கள் இன்று இல்லை. அந்த ஃபோல்டர் போனால் திரும்பக் கேட்டு எழுத ஆள் கிடையாது. அதனால் ஒரு பிரதி பிரான்ஸில் இருக்கும் மகளிடம் கொடுத்து வைக்கலாம் என்று முடிவு செய்தார். 64 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போய், தெருமுனைக் கடையில் வேலை பார்க்கும் பையனிடம் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். பையனுக்கு வயது இருபதுக்குள் இருக்கும். அவன் எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து வாத்தியார் சரிபார்த்தார். அவர் எதையும் சரிபார்க்காமல் விட மாட்டார். பிராப்பர்ட்டீஸ் பெட்டியைத் திறந்தார். தன் கம்ப்யூட்டரில் மேல் வரி 8.58 எம்.பி., கீழ் வரி 23.4 எம்.பி. பென் டிரைவில் மேல் வரி அதே 8.58. கீழ் வரியில் 750 எம்.பி.

அன்று சாயங்காலம் கையில் பென் டிரைவோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"குமாஸ்தா ஐயா, இதப் பாருங்க. எட்டு எம்.பி. சரக்கு எழுநூத்தம்பதா ஆயிருக்கு. மிச்சம் எங்கேருந்து வந்துது? அந்தப் பையன் ஏதோ வைரஸ ஏத்தி உட்டிருக்கான். இல்லேன்னா வேற எவனோட சரக்கையோ உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்."

"கடையில கேட்டீங்களா வாத்தியாரே?"

"கேக்காம? முதலாளி எதிர்லயே கேட்டேன். பையன் முழிக்கிறான். பதில் சொல்லத் தெரியல. முதலாளி சொல்லிட்டாரு, நாளையிலேருந்து நீ வர வேணாம்னு."

அவர் குரலில் கோபம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. பதினோரு வருஷ உழைப்பு கெட்டுப்போய்விட்டதோ என்ற பயம். ஆனால் பையன் நிலைமையையும் யோசிக்க வேண்டும். அவன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தான். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான், அதை எப்படி விளக்குவது என்பது.

நான் அவரை உட்கார வைத்து, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு ஃபிஷ் எத்தனை பைட் என்று பார்த்தோம். சராசரியாக 1,500. வாத்தியார் அதையே நம்பவில்லை. "அறுபது, எழுபது வார்த்தைதானே எழுதறேன், ஆயிரத்தைந்நூறு எப்படி ஆகும்?" என்றார். அதற்கும் கணக்கு உண்டு. இப்போது பரவலாக இருக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதிலும் உயிர்மெய் என்றால் மெய்க்கு ஒரு குறியீடு, அதன் மேல் வரும் காலுக்கோ கொம்புக்கோ இன்னொன்று. புள்ளியும் ஒரு குறியீடுதான். 'புதுச்சேரி' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். அதே ஊர்ப் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் பத்து எழுத்து வரும். அதில் தலையில் கோடு போட்ட எழுத்து ஒன்றுக்கு மட்டும் 2 பைட், மற்ற ஒன்பதுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 11. தமிழ் கொஞ்சம் அதிக இடம் கேட்கும் மொழி, இந்த முறையில்.

ஆக 6,000 ஃபிஷ், தலைக்கு 1,500 பைட். பெருக்கினால் 90 லட்சம் பைட். கம்ப்யூட்டர் 1,024 கொண்ட கணக்கில் வகுத்து 8.58 எம்.பி. என்று காட்டுகிறது. இது கொந்த்னூ.

அடுத்தது, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெட்டி 4 கே.பி. ஒரு ஃபிஷ்ஷுக்கு ஒரு பெட்டி. 6,000 பெட்டி என்றால் 24,000 கே.பி. அதை 1,024ஆல் வகுத்தால் 23.4 எம்.பி. வாத்தியார் பார்த்த எண் சரியாக வந்துவிட்டது.

கடைசியாகப் பென் டிரைவ். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட பென் டிரைவ்களை 'எக்ஸ்ஃபேட்' என்ற முறையில் ஃபார்மட் செய்வது வழக்கம். அந்த முறையில் விண்டோஸ் வைக்கும் பெட்டியின் வழக்கமான அளவு 128 கே.பி. வீட்டில் இருப்பது டிபன் பாக்ஸ் என்றால் இது அண்டா. 6,000 அண்டா, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சாதம். 6,000த்தை 128ஆல் பெருக்கினால் 7,68,000 கே.பி. வகுத்தால் 750 எம்.பி. ஒரு புள்ளி பிசகவில்லை.

வாத்தியார் தாளைக் கையில் வாங்கி இரண்டு தடவை தானே பெருக்கிப் பார்த்தார். கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே. பிறகு, "சரி, ஆனா நெசமா அப்படித்தானான்னு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. பென் டிரைவிலேயே புதிதாக ஒரு கோப்பு உண்டாக்கி, 'அ' என்று ஒரே ஒரு எழுத்து எழுதிச் சேமித்தோம். பிராப்பர்ட்டீஸ் திறந்தோம். சைஸ் 3 பைட். சைஸ் ஆன் டிஸ்க் 128 கே.பி. வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் குடித்தார்.

ஏன் இவ்வளவு பெரிய பெட்டி வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பென் டிரைவில் பெரும்பாலும் சினிமாவும் புகைப்படமும்தான் போடுகிறார்கள் என்ற எண்ணத்தில். பெரிய கோப்புக்குப் பெரிய பெட்டி வசதி. பதிவேட்டில் எழுத வேண்டிய வரிகள் குறையும். இது புதிய பிரச்சினையும் இல்லை. விண்டோஸ் 95 வந்த காலத்தில் 'ஃபேட் 16' என்ற முறை இருந்தது. அதன் பதிவேட்டில் சுமார் 65 ஆயிரம் பெட்டிகளுக்கு மேல் எழுத முடியாது. 2 ஜி.பி. இடத்தை 65 ஆயிரம் பெட்டியாகப் பிரித்தால் ஒரு பெட்டி 32 கே.பி. ஆகிறது. இடம் பொன்னாக இருந்த அந்தக் காலத்திலேயே ஒரு வரிக் கடிதத்துக்கும் 32 கே.பி. போய்க்கொண்டிருந்தது. இதைத் தாங்க முடியாமல்தான் 1996ல் 'ஃபேட் 32' வந்தது.

மறுநாள் காலை வாத்தியார் என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கையில் அந்தக் கணக்குத் தாள். முதலாளி எதிரிலேயே கேட்டவர், முதலாளி எதிரிலேயே சொன்னார். "தப்பு என் பேர்ல. பையன் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் பேசினது தப்பு." முதலாளி பையனுக்குப் போன் செய்து வரச் சொன்னார். வந்தவன் வாசலிலேயே நின்றான். வாத்தியார் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாளில் இருந்த கணக்கைக் கரும்பலகையில் நடத்துவதுபோல நடத்தினார். "சார், இது தெரிஞ்சிருந்தா நானே அன்னைக்குச் சொல்லியிருப்பேன்" என்றான் பையன். "எனக்கும்தான் தெரியல தம்பி" என்றார் வாத்தியார். இரண்டு நாள் முன்னால் அந்தக் கடையில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் சிலர் அப்போதும் அங்கே இருந்தார்கள். அதுவும் நல்லதாயிற்று.

பிறகு பையனே ஒரு யோசனை சொன்னான். 6,000 கோப்பையும் 'ஜிப்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம் என்று. கட்டினான். ஒரே கோப்பாகிவிட்டதால் வீணாவது கடைசி ஒரு பெட்டியின் மிச்சம் மட்டும். மூட்டை கட்டும்போது எழுத்துகள் சுருங்குவதால் அசல் 8.58 எம்.பி.யைவிடக் குறைவான இடமே பிடித்தது. பிரதி எடுக்கும் நேரமும் மிச்சம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதி நகர்த்துவதைவிட ஒரு மூட்டையைத் தூக்கி வைப்பது சீக்கிரம் முடியும். இப்போது அந்த மூட்டை பிரான்ஸில் இருக்கிறது.

பென் டிரைவ் பற்றிப் பேசும்போது இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு. 64 ஜி.பி. என்று காசு கொடுத்து வாங்கினோம், கம்ப்யூட்டரில் 59 சொச்சம்தான் காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று. இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். அவருக்கு ஒரு ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1,024, 1,024 என்று வகுக்கிறது. 6,400 கோடியை அப்படி மூன்று தடவை வகுத்தால் 59.6 வரும். இந்தக் குழப்பம் தீர 1998ல் உலகத் தர அமைப்பு ஒன்று 1,024 கணக்குக்குக் 'கிபி', 'மெபி', 'கிபி பைட்' என்ற புதுப் பெயர்களை வைத்தது. கடைத்தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆப்பிள் கம்பெனி 2009லிருந்து தன் மேக் கம்ப்யூட்டரில் ஆயிரம் கணக்குக்கே மாறிவிட்டது. ஒரே பென் டிரைவ் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு எண் காட்டினால் மிரள வேண்டாம்.

பெட்டியின் மிச்ச இடத்தில் என்ன இருக்கும் என்று வாத்தியார் கேட்டார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பெட்டியில் முன்பு வேறு கோப்பு இருந்து அழிக்கப்பட்டிருந்தால், அதன் துணுக்குகள் அந்த மூலையில் அப்படியே கிடக்கலாம். அலுவலகத்தில் ஒருபக்கம் டைப் அடித்த தாளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதுவோமே, அது மாதிரி. திருப்பிப் பார்க்கிறவனுக்குப் பழைய விஷயம் தெரிந்துவிடும். குற்ற விசாரணையில் நிபுணர்கள் இந்த மூலைகளைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். பழைய கம்ப்யூட்டரையோ பென் டிரைவையோ விற்கும்போது, யாருக்காவது கொடுக்கும்போது, வெறும் 'டெலிட்' போதாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது கீழ் வரி கூடுதலாக இருக்கும் கதை. குறைவாக இருக்கும் கதை அதைவிட முக்கியம்.

கீழ் வரி குறைவதற்குச் சாதுவான காரணங்களும் உண்டு. ஃபோல்டரைச் சுருக்கி வைக்கும்படி விண்டோஸிடம் சொல்லியிருந்தால் அது உள்ளே அமுக்கி வைக்கும். மெத்தையைச் சுருட்டிக் கட்டிய மாதிரி. விரித்தால் பழைய அளவுதான். இன்னொன்று, சில நூறு பைட் மட்டுமே உள்ள மிகச் சின்னக் கோப்பை விண்டோஸ் தனிப் பெட்டியில் போடாமல் பதிவேட்டு வரியிலேயே எழுதி முடித்துவிடும். ஒரு வரி உத்தரவுக்குத் தனி ஃபைல் போடாமல் பதிவேட்டின் ஓரத்திலேயே குறித்து வைக்கிறோமே, அப்படி. அத்தகைய கோப்புக்குச் 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று காட்டக்கூடும். பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் பெரிய கோப்புக்கு, ஒரு புகைப்படத்துக்கோ வீடியோவுக்கோ, 0 என்று காட்டினால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தக் கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தாவின் மனைவி இருக்கிறார். கணவர் காலமாகி நாலு வருஷம். அவர் பட்டாளத்தில் இருந்த காலத்துப் படங்கள், கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்கள் எல்லாவற்றையும் பேரன் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தான். 1,140 படம். அசல் படங்களில் பாதி கறையான் அரித்துப் போய்விட்டன. படங்கள் 'கிளவுட்' என்று சொல்லும் வாடகைக் கிடங்கிலும் இருந்தன. அதற்கு மாதாமாதம் காசு போகிறது. "கம்ப்யூட்டர்லதான் இருக்கே, அதுக்கு எதுக்கு வாடகை?" என்று அந்தக் கணக்கை அழித்துவிட முடிவு செய்து, கடிதம் மாதிரி ஏதாவது எழுத வேண்டுமா என்று என்னைக் கேட்க வந்தார்.

எதற்கும் பார்க்கலாம் என்று ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தேன். சைஸ் 3.9 ஜி.பி. சைஸ் ஆன் டிஸ்க் 0.

"மதாம், இந்தப் படம் ஒண்ணுகூட இந்தப் பெட்டிக்குள்ள இல்ல" என்றேன்.

"படம் தெரியுதே முசியே, அப்புறம் எப்படி இல்லேங்கிறீங்க?"

தெரிவது முகப்புப் பலகை. இடம் மிச்சம் பிடிக்க, இந்தக் கிடங்குக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது. பெயரும், சின்ன உருவமும், அளவும் மட்டும் நம் கம்ப்யூட்டரில் இருக்கும். தட்டினால் அந்த நிமிஷம் இணையத்தின் வழியாகப் படம் வந்து சேரும். பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகம் போட்டிருந்தால் இதுதான் சங்கதி. அந்த அம்மா கிடங்குக் கணக்கை அழித்திருந்தால் பலகைதான் மிஞ்சியிருக்கும், சரக்கு போயிருக்கும்.

அன்று செய்த வேலை சுலபம்தான். ஃபோல்டரை வலது பொத்தானால் தட்டி, 'எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்திரு' என்ற பொருள்பட இருக்கும் ஆங்கில வரியைத் தேர்ந்தெடுத்தோம். படங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. இறங்க இறங்கக் கீழ் வரி எண் ஏறியது. அந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் வரியும் கீழ் வரியும் ஏறக்குறையச் சமமாயின. பிறகு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி. அதற்கப்புறம் நாலைந்து படங்களை, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தோம். திறந்தன. வாடகையை நிறுத்துவதா வேண்டாமா என்று அதன் பிறகுதான் யோசித்தார். இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்வி.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? நான் என் கையேட்டில் எழுதி வைத்திருப்பதை இங்கே சொல்கிறேன்.

பிரதி சரியாக வந்ததா என்று பார்க்க மேல் வரியைப் பாருங்கள், கீழ் வரியை அல்ல. அதிலும் எம்.பி. கணக்கைப் பார்க்காமல், பக்கத்தில் பைட்டில் கொடுத்திருக்கும் நீள எண்ணைப் பாருங்கள். கூடவே ஃபோல்டரில் எத்தனை கோப்பு என்ற எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரதி முழுமையாக வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் பிரதி எடுத்த பத்திரத்தை ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பு நோக்கினோம். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட மாட்டோம்.

பென் டிரைவில் இடம் போதுமா என்று பார்க்கும்போது மட்டும் கீழ் வரி முக்கியம். அதுவும், எதில் போடப் போகிறோமோ அதன் பெட்டி அளவைப் பொறுத்தது. சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மூட்டையாகக் கட்டிப் போடுங்கள்.

புகைப்படம், வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன் பிரதி, இவை இருக்கும் ஃபோல்டர்களில் மாதம் ஒருமுறை கீழ் வரியைப் பாருங்கள். 0 என்றோ, மேல் வரியைவிட வெகு குறைவாகவோ இருந்தால், எதையும் அழிக்கும் முன் விசாரியுங்கள். கம்ப்யூட்டரை மாற்றும்போதும், கிளவுட் கணக்கை மூடும்போதும், பேரப்பிள்ளைகள் 'இடம் காலி பண்ணித் தரேன் தாத்தா' என்று உதவிக்கு வரும்போதும் இதை முதலில் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் போதும்.